கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது

கவனக்குறைவு உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே தொடங்கப்பட்ட அந்த மதிப்பீட்டு நிலையத்தின் விண்ணப்பம் நாற்பத்தாறு பக்கம். எல்லாப் பக்கங்களையும் படித்து முடிக்கும்வரை எதையும் நிரப்பக் கூடாது என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கும். முதல் பக்கத்தை நிரப்பாதவர்கள் இதற்கு மேல் படிக்கக் கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கும். இருபத்தெட்டாம் பக்கத்தின் அடியில், இதுவரை நீல மையில் எழுதியவர்கள் கறுப்பு மையில் முதலிலிருந்து தொடங்கவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. இதை எழுதிய புண்ணியவானை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதை நிரப்ப எனக்கு ஏழு மாதம் ஆனது. நான்கு படிவம் தொலைந்தது. ஐந்தாவதில் எண்ணெய் கொட்டியது. ஆறாவதை முழுக்க நிரப்பி, உறையில் போட்டு, ஒட்டி, பத்திரமாக வைத்தேன். எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை தெரியாது. போய்ச் சேர்ந்தது ஏழாவது.

நான் ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். இருநூற்றுப் பத்து மெஷின் என் பொறுப்பு. நாலு வரிசை தள்ளி ஒரு மெஷின் இருமினால்கூட எந்த இடத்தில் என்ன பழுது என்று சொல்லிவிடுவேன். ஆனால் காலையில் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. ஒற்றை அறை, ஒற்றை ஆள். குளிக்கப் போகும்போது ரேடியோவைப் போட்டுவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாற்பது நாளும் கூட இருந்து பார்த்தது அக்கா. ஒரே ஒரு நாள், ஆபீஸில் வேலை இருக்கிறது, சாயங்காலம் நாலு மணிக்கு நீ வந்து அம்மாவோடு இரு என்று என்னிடம் சொன்னாள். நான் மூன்றரைக்கே கிளம்பினேன். வழியில் ஒரு தையல்கடையில் மெஷின் ஓடும் சத்தம் சரியில்லை. அஞ்சு நிமிஷம்தானே என்று உள்ளே போனேன். பிரித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஆறரை. அம்மா ஆறு மணிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஒரு மெஷினுக்கு மூணு மணி நேரம் உக்கார முடிஞ்சவனுக்கு, அம்மாவுக்கு அஞ்சு நிமிஷம் இல்ல" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் ஃபோன் செய்யத் தைரியம் வரவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே பாதி நாள் நம்பிக்கை இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விரலில் ஊசி ஏறி, கம்பெனி நர்ஸம்மாவிடம் கட்டுப் போட உட்கார்ந்தேன். பாதிக் கட்டில் எழுந்து போய்விட்டேன். துணி பின்னாலேயே தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நர்ஸம்மா ஓடி வந்து பிடித்தார்.

"இது திமிர் இல்லண்ணே. ஏடிஹெச்டின்னு கவனக்குறைவுக் கோளாறு ஒண்ணு இருக்கு. போய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"பேப்பர் ஏதும் தருவாங்களா?"

"சர்டிஃபிகேட் தருவாங்க."

அது போதும் எனக்கு. மாத்திரை வேண்டாம், சலுகை வேண்டாம். முத்திரை குத்திய ஒரு காகிதம். அதை அக்கா வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்த விண்ணப்பத்தில் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பதாரரைச் சிறு வயது முதல் அறிந்த ஒருவரின் முகவரி. நிலையம் அவருக்கு நேரடியாக ஒரு படிவம் அனுப்பும், அவர் அதை நிரப்பி நேரடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும், விண்ணப்பதாரர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அப்பா எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டார். என்னைச் சிறு வயதில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அக்கா ஒருத்திதான். எழுதினேன். வந்ததும் கிழித்துப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

பதினாலு மாதம் கழித்து நாள் கொடுத்தார்கள். போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு நாளைக்கு சார்."

மறுநாள் போனேன். அதே அம்மா நோட்டைப் பிரித்து வாசித்தார். "விண்ணப்பதாரர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும் பழக்கம் உள்ளவர். பாதகக் குறிப்பு ஒண்ணு போட்டிருக்கேன்."

"நாள் தெரியாமத்தாங்க வந்தேன்."

"தெரியாம வந்தாலும் முன்கூட்டித்தானே வந்தீங்க."

"லேட்டா வந்திருந்தா?"

"ரத்து. மறுபடி பதினாலு மாசம்."

"சரியான நேரத்துக்கு வந்தா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சரியான நேரத்துக்கு வர்றவங்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது சார். அவங்களை அப்படியே அனுப்பிடுவோம்." டோக்கன் கொடுத்தார்.

கூடத்தில் இருபது பேர் இருந்தோம். டோக்கன் கையில் இருந்தது என்னைத் தவிர ஆறு பேரிடம். டோக்கனைத் தொலைத்தவர்கள் டோக்கனைக் காட்டி மாற்று டோக்கன் பெற்றுக்கொள்ளலாம் என்று சுவரில் எழுதி, கண்ணாடிச் சட்டம் வேறு போட்டு மாட்டியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் யாரும் பேசவில்லை. எல்லோரும் தனியாக வந்தவர்கள், நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அடுத்த நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கணக்கு டீச்சர். மூடியில்லாத ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்திருந்தார். அவராகவேதான் பேசினார்.

"எனக்கு இது அஞ்சாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒத்துழைக்கலைன்னு எழுதி அனுப்பிடறாங்க. நான் அழுத்திக்கிட்டேதாங்க இருக்கேன்."

"எதை?"

"உள்ள போனா தெரியும்." ஃபிளாஸ்க்கின் மூடியைப் பையில் தேடிப் பார்த்தார். "வீட்டுல லைப்ரரி போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கூட யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு கவுண்டர்ல கேக்கறாங்க. கூட வர ஆள் இருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பையை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என் டோக்கன் அந்தப் பையோடு போய்விட்டது. அவர் வேறு வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், புதிதாக ஒருவரைப் பார்ப்பது மாதிரி. போய்க் கேட்க மனம் வரவில்லை.

பத்து மணிக்கு வரவேண்டிய இயக்குநர் பதினொன்றே காலுக்கு வந்து வரவேற்புரை ஆற்றினார். இதைக் கேட்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

"கவனம்தான் மனுஷனுக்கு அழகு" என்று ஆரம்பித்து ஃபோனைப் பார்த்தார். "இந்த நிலையம் தொடங்கிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஃபைல் தொலைஞ்சது கிடையாது. என்ன காரணம்? உள்ள போன ஃபைலை நாங்க வெளிய எடுக்கறதே இல்ல. இது முதல் விஷயம். ரெண்டாவது, எங்க காத்திருப்போர் பட்டியல். நான் பெருமையா சொல்லுவேன், இந்தத் துறையிலயே நீளமானது எங்களோடதுதான். இவ்வளவு பேர் காத்திருக்காங்கன்னா எங்க மேல எவ்வளவு நம்பிக்கை இருக்கணும். மூணாவது..."

ஃபோன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்து வந்தார்.

"எங்க விட்டேன்?"

யாரும் பேசவில்லை. இயக்குநரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்று முடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவதில் விட்டார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அதற்கு ஒரு பாதகக் குறிப்பு போடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டோக்கன் இல்லாததால் கடைசியாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். டோக்கன் வைத்திருந்த ஆறு பேரையும் கவனம் நன்றாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

சோதனை அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு இணைத்த ஒரு கறுப்புப் பட்டன். மதிப்பீட்டாளர் மரியாதையான மனிதர். திரையில் எழுத்துகள் வரும், 'க' வந்தால் மட்டும் அழுத்த வேண்டும், இருபது நிமிஷம், கட்டங்கட்டமாக விளக்கினார். விளக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

'க' வந்தது. அழுத்தினேன். அழுத்தியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சத்தம் சரியில்லை. ஒரு பட்டன் அழுந்தினால் இரண்டு சத்தம் வர வேண்டும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இதில் ஒன்றுதான் வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். உள்ளே தகடு எதையும் தொடவே இல்லை. சட்டைப் பையில் சின்ன திருப்புளி எப்போதும் இருக்கும்.

மதிப்பீட்டாளர் வந்து தோளைத் தொட்டபோது கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

"ஒரு தடவைகூட அழுத்தலையே சார் நீங்க."

"அழுத்தினாலும் போகாது சார். உள்ள தகடு வளைஞ்சு கெடந்தது. இப்ப அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எப்பலேருந்து இப்படி இருந்திருக்கும்?"

"உள்ள இருந்த தூசியைப் பார்த்தா அஞ்சாறு வருஷம் இருக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அஞ்சாறு வருஷமா வந்த எல்லாருக்கும் பூஜ்யம்தான். பூஜ்யம் வந்தா ஒத்துழைக்கலைன்னு எழுதி மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுவோம். முடிவுகள் இவ்வளவு ஒரே சீரா வேற எங்கயும் வர்றதில்லன்னு போன வருஷம் எங்களுக்கு ஒரு கேடயம்கூடக் குடுத்தாங்க."

"அப்ப அவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுவீங்களா?"

"அது எங்க வேலை. உங்க விஷயத்துக்கு வருவோம். இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஒரு மணி நாற்பது நிமிஷம்" என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். "ஒரு பட்டனுக்காக இவ்வளவு நேரம் அசையாம உக்கார முடியுது. உங்களுக்கா சார் கவனம் இல்ல?"

அக்கா சொன்னதும் இதேதான். அவள் அழுதுகொண்டே சொன்னாள், இவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். இனி இவர்கள் என்ன எழுதினாலும் சரி என்று தோன்றிவிட்டது.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்று அவர் கோப்பிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "உங்க தமக்கையோட படிவம். இருபத்திரண்டு நாள் தாமதம். தேதி இல்ல. மூணாம் பக்கத்தைத் தலைகீழா நிரப்பியிருக்காங்க. பாதி பேனா, பாதி பென்சில்."

அக்கா கிழித்துப் போடவில்லை. எனக்கு அதற்கு மேல் கொஞ்ச நேரம் எதுவும் காதில் விழவில்லை.

"...கட்டத்துல டிக் பண்ணணும். ஒரு கட்டத்துலயும் டிக் இல்ல. எல்லாமே கட்டத்துக்கு வெளிய, ஓரத்துல எழுதியிருக்காங்க. படிவம் ஏன் நிராகரிக்கப்படுதுன்னு காரணத்தை உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், அது விதி." ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கடைச் சாமான் பட்டியல் வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"கேள்வி நாலு. பொருட்களைத் தொலைப்பதுண்டா? 'பள்ளிக்கூடத்தில் பதினோரு டிபன் பாக்ஸ் தொலைத்தான். பன்னிரண்டாவது என்னுடையது. அன்று நான் அவனுடைய டிபன் பாக்ஸில்தான் சாப்பிட்டேன், அவன் பட்டினி.' எண்ணிக்கை கேக்கவே இல்ல. நிராகரிப்பு.

"கேள்வி ஒன்பது. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதுண்டா? 'என் சைக்கிளைப் பிரித்துப் போட்டான். மூன்று வாரம் நடந்து போனேன். பூட்டிக் கொடுத்தான். புதிதாக வாங்கியபோதுகூட அப்படி ஓடவில்லை.' உண்டா இல்லையான்னு தெரியல. நிராகரிப்பு.

"கேள்வி பதினஞ்சு. நேரில் பேசும்போது கவனிக்காததுபோல் இருப்பதுண்டா? 'எங்கள் அம்மாவும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். இப்போது அந்த அறையில் யாரும் இல்லை.' மூணாம் நபர் விவரம். நிராகரிப்பு."

பக்கத்தைத் திருப்பினார். தலைகீழாக இருந்தது. நேராக்கினார்.

"கடைசிக் கேள்வி. விண்ணப்பதாரருடன் தங்கள் உறவு நன்று, சுமார், மோசம். இதுல ஒண்ணு. இவங்க என்ன எழுதியிருக்காங்கன்னா, 'அன்று ஆபீஸ் வேலை என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. என்னால் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவன் நாலு மணிக்கு வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். நாலு வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவன் சாப்பிடுகிறானா என்று நீங்கள் கேட்கவே இல்லையே.'"

மதிப்பீட்டாளர் ஸ்கேலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை நன்றுல சேர்க்கறதா, மோசத்துல சேர்க்கறதா? நீங்களே சொல்லுங்க."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் காகிதத்தில் ஈரம் படாமல் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

முடிவு: மதிப்பிட இயலாது. பதினாலு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அதோடு ஒரு புதுப் படிவம், நாற்பத்தாறு பக்கம், தனியாகக் கொடுத்தார். "இது உங்க அக்காவுக்கு. அவங்களுக்கு நிச்சயமா இருக்கு."

"அக்கா எழுதின இந்தப் படிவம்?"

"செல்லாத ஆவணத்தை நாங்க வச்சுக்க மாட்டோம். கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. ஒழுங்கா நிரப்பியிருந்தா முத்திரை வச்சு உள்ள போயிருக்கும். நீங்க பார்த்திருக்கவே முடியாது."

அக்கா ஒரு கட்டத்தைக்கூட ஒழுங்காக நிரப்பாததற்கு நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வெளியே வரும்போது சோதனை அறைக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாதனம் அனுமதியின்றிச் சரிசெய்யப்பட்டிருப்பதால் மறு அறிவிப்பு வரும்வரை பயன்படுத்த வேண்டாம். கணக்கு டீச்சர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு டெஸ்ட் கிடையாதாம். எவனோ பட்டனைச் சரி பண்ணிட்டானாம்" என்றார்.

நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியிறங்கிப் போனார். லைப்ரரியிலிருந்து இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயா என்று வீட்டில் யாராவது கேட்பார்களோ, கேட்கவே மாட்டார்களோ.

தெருவில் நின்று அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"நான்தான்."

"ஃபார்ம் போய்ச் சேர்ந்துச்சா?"

"செல்லாதுன்னுட்டாங்க. கட்டத்துக்கு வெளிய எழுதியிருக்கியாம்."

"கட்டம் எவ்வளவு சின்னதா குடுத்திருந்தாங்க, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"படிச்சியா?"

"படிச்சுக் காட்டினாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வரட்டுமாக்கா? நாலு மணிக்கு."

"வா."

கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் ஒரு தையல்கடை. உள்ளே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அடிநூல் சுற்றும் பாபின் பக்கம் ஏதோ உரசுகிறது. கால் நின்றுவிட்டது. அக்காவின் படிவத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அந்தத் தெரு முடியும்வரை நடந்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஃபோனில் கூப்பிட்டால் உள்ளேதான் அடித்தது. என் அக்காதானே.

காத்திருந்து எனக்குப் பழக்கமில்லை, காக்கவைத்துத்தான் பழக்கம். நாலே கால் ஆனது. கீழே காலடிச் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிர்ந்தது. வேறு யாரோ ஏறிப் போனார்கள். நாலரைக்கு ஒரு தடவை, அஞ்சுக்கு ஒரு தடவை, இவள்தான் என்று எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தேன். அம்மா கதவுப் பக்கம் திரும்பியபடியே படுத்திருந்தாள் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அந்தப் படியில் உட்கார்ந்து அதை முழுக்க அனுபவித்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா வந்தாள். கையில் இரண்டு பை. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீ நாலுன்னா ஆறுன்னு கணக்குப் போட்டுத்தான்டா கடைக்குப் போனேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

எழுந்து போய் அவள் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டேன்.

"இப்பத்தான் வந்தேன்க்கா" என்றேன். "அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."